புதுப்பிப்பு: என் முழங்கை மதிப்பெண் 36 அல்ல, 42.5

டென்னிஸ் எல்போவுக்காக (முழங்கையின் வெளிப்புற வலி) நிரப்பிய, கையால் வேலை செய்வதில் உள்ள சிரமத்தை 0 முதல் 100 வரை அளக்கும் குவிக்டாஷ் படிவத்தில் 36 மதிப்பெண் வந்ததாகவும், வலிக்கு அது குறைவாகத் தோன்றுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். பிழை என் கணக்கில்தான் இருந்தது. 11 கேள்விகளில் ஒன்றை விட்டுவிட்டு, மீதிப் பத்தின் கூட்டுத்தொகையான 27ஐப் பதினொன்றால் வகுத்திருக்கிறேன். பதிலளித்த கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 25ஆல் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 42.5 வருகிறது. இரண்டு கேள்விகளை விட்டிருந்தால் மதிப்பெண்ணே கணக்கிட முடியாது.

நான் விட்டது கோல்ஃப், சுத்தியல் அடிப்பது, டென்னிஸ் போன்றவற்றை உதாரணம் காட்டும் பொழுதுபோக்குக் கேள்வி. டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை என்பதால் விட்டேன். ஆனால் சென்ற வாரம் செய்யாத வேலைக்கும், செய்திருந்தால் எவ்வளவு சிரமப்பட்டிருப்போம் என்று ஊகித்துக் குறிக்கச் சொல்கிறது படிவத்தின் குறிப்பு.

பிசியோதெரபிஸ்ட் இப்போது டென்னிஸ் எல்போவுக்கென்றே உள்ள பிஆர்டிஇஇ என்ற 15 கேள்விப் படிவத்தையும் தந்திருக்கிறார். குவிக்டாஷ் எந்தக் கையால் செய்தாலும் வேலை முடிகிறதா என்றே பார்ப்பதால், இடது கைக்கு மாறிக்கொண்ட என்னைப் போன்றவர்களின் சிரமம் அதில் குறைவாகத் தெரியக்கூடும். பிஆர்டிஇஇயோ நோயுற்ற கையைப் பற்றி மட்டுமே கேட்கிறது. ஈரத் துண்டைப் பிழிவதில் உள்ள சிரமத்துக்குப் பத்துக்கு எட்டு போட்டேன். காபிக் கோப்பையை வாய்வரை தூக்குவதற்கு ஐந்து.

ஆறு வாரம் கழித்து இரண்டையும் மறுபடி நிரப்ப வேண்டும்.