உதவி: 2500 மடங்கு வைத்தும் தாமரை இலையின் மெழுகு தெரியவில்லை

இலைமேல்_தண்ணீர்:
வணக்கம். இளநிலைத் தாவரவியல், மூன்றாம் ஆண்டு. தாமரை இலையில் ஏன் தண்ணீர் ஒட்டுவதில்லை என்பதுதான் என் புராஜெக்ட். மேல்தோலில் சின்னச் சின்ன மேடுகள், அவற்றின்மேல் மெழுகு இழைகள் என்று படித்தேன். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் உண்டு. 10 மடங்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போதாதென்று என் காசில் 25 மடங்கு ஒன்று வாங்கிப் போட்டேன். தெரிவதெல்லாம் பச்சைக் கலங்கல். லென்ஸ் பழுதா?

பிளேடும்_கேரட்டும்:
லென்ஸ்மேல் பழி போடாதீர்கள். லென்ஸ் தரும் படத்தைத்தான் ஐபீஸ் ஊதிப் பெரிதாக்கும். அதில் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? லென்ஸின் பக்கவாட்டில் 1.25 என்று இருக்கிறதா? அதுதான் என்.ஏ., லென்ஸ் எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியை வாங்கும் என்பதற்கான எண். அதை 1000-ஆல் பெருக்குங்கள்: 1250 மடங்கு. அதற்கு மேல் போனால் வெறும் ஊதல்தான்.

பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர். 0.61-ஆல் பெருக்கி 1.25-ஆல் வகுத்தால் சுமார் 270 நானோமீட்டர் வரும். இதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். ஒளியின் இந்த எல்லையை 1873-லேயே ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே சொல்லிவிட்டார். மெழுகு இழையின் தடிமனோ ஏறத்தாழ 100 நானோமீட்டர்.

அது இருக்கட்டும், இலையை அப்படியே வைத்தீர்களா?

இலைமேல்_தண்ணீர்:
ஆமாம், துண்டு வெட்டி எண்ணெயும் விட்டேன்…

பிளேடும்_கேரட்டும்:
அடியிலிருந்து வரும் ஒளி அந்தத் தடிமனைத் தாண்டித் தெளிவான படம் தராது. கேரட்டைப் பிளந்து நடுவில் இலையைச் செருகி, புது பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுங்கள். 40 மடங்கு லென்ஸே போதும். மேடுகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். இழைகளுக்கு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான்.

இலைமேல்_தண்ணீர்:
எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் டி.இ.எம். என்ற வகைதான் பவர் அதிகம் என்கிறார்கள். அதற்கே கேட்கவா?

தங்கப்பூச்சு:
வேண்டாம். டி.இ.எம்.மில் எலக்ட்ரான் மாதிரியை ஊடுருவிப் போக வேண்டும். 100 நானோமீட்டருக்கும் மெல்லிதாகச் சீவணும். உங்களுக்கு வேண்டியது மேற்பரப்பு. எஸ்.இ.எம். கேளுங்கள், அது மேற்பரப்பை எலக்ட்ரான் கற்றையால் வருடிப் படம் எடுக்கும் வகை. தாமரை இலை எப்படித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997-ல் எழுதியபோது அவர்கள் நம்பியதும் எஸ்.இ.எம். படங்களைத்தான்.

உள்ளே வெற்றிடம் என்பதால் ஈர இலை சுருங்கிவிடும். நிழலில் உலர்த்தி, 5 மில்லிமீட்டர் துண்டாகக் கொடுங்கள். மேல்பக்கத்தில் விரல் படவே கூடாது. இலை மின்சாரம் கடத்தாது. அதனால் சில நானோமீட்டர் தங்கம் பூசுவார்கள். எலக்ட்ரான் கற்றையில் மெழுகு உருகலாம், 5 கிலோவோல்ட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். படம் கறுப்பு வெள்ளைதான், நிறம் பின்னால் தீட்டுவது.

முக்கியமாக, ஆல்கஹாலோ அசிட்டோனோ வேண்டாம். மெழுகு கரையலாம்.

இலைமேல்_தண்ணீர் (மூன்று வாரம் கழித்து):
குறுக்குவெட்டில் மேடுகள் கிடைத்துவிட்டன, பத்தாவது வெட்டில். எஸ்.இ.எம்.மில் முதல் துண்டு மொட்டையாக வந்தது. விசாரித்தால், தூசி போகட்டும் என்று நண்பன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருக்கிறான்! இரண்டாவது துண்டில் மேடு முழுக்க மயிர் அடர்ந்த மாதிரி மெழுகு. அப்புறம், அந்த 25 மடங்கு ஐபீஸ் யாருக்காவது வேண்டுமா?