கண்ணாலும் கையசைவாலும் கணினியை இயக்கியவர்களின் அனுபவப் பகிர்வு

கண் அசைவைக் கொண்டு கணினியை இயக்கும் கருவியை அன்றாட அலுவலுக்குப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மணிக்கட்டுத் தசைநாண்களில் வந்த அழற்சி நாட்பட்டுப் போனதால், மவுஸை இயன்றவரை தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். கருவி என்பது திரையின் அடிவிளிம்பில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை, அவ்வளவுதான். அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின் மீது செலுத்தி, அந்த ஒளி கருவிழிப் பரப்பில் பட்டு மின்னும் புள்ளிக்கும் கண்பாவையின் மையத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, நாம் திரையில் எங்கே பார்க்கிறோம் என்று கணிக்கிறது.

கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று முதலில் எல்லாரும் கேட்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில், அசையாமல் அமர்ந்திருந்தால், அரை பாகையிலிருந்து ஒரு பாகை வரை பிழை இருக்கும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் 60 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள திரையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சாளரத்தின் மூலையில் இருக்கும் மூடும் குறியை உற்றுப் பார்த்தால் கர்சர் பக்கத்தில் உள்ள பெரிதாக்கும் குறியின் மேல் போய் நிற்பது இதனால்தான். எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடுகிறது.

உண்மையான சிக்கல் துல்லியத்தில் இல்லை. கண் என்பது பார்ப்பதற்கான உறுப்பு. அதைக் கட்டளையிடும் உறுப்பாகவும் ஆக்கும்போது, எப்போது வெறுமனே பார்க்கிறோம், எப்போது கட்டளையிடுகிறோம் என்று கருவிக்குத் தெரிவதில்லை. ராபர்ட் ஜேக்கப் என்ற ஆய்வாளர் 1990-லேயே இதைப் பற்றி எழுதி, தொட்டதெல்லாம் பொன்னாகிவிட்ட மைதாஸ் மன்னனின் பெயரை இதற்குச் சூட்டினார். பார்வை ஓரிடத்தில் குறிப்பிட்ட நேரம் தங்கினால் அதைச் சொடுக்காகக் கொள்வது வழக்கமான தீர்வு. அந்த நேரத்தைக் குறைத்து வைத்தால், ஒரு கட்டுரையை வாசிக்கும்போது நடுவில் உள்ள இணைப்பில் பார்வை சற்று நின்றாலும் வேறு பக்கம் திறந்துவிடுகிறது. கூட்டி வைத்தால், இமைக்கக்கூட அஞ்சிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானையும் முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாலைக்குள் கண் எரியத் தொடங்கிவிடும்.

எனக்கு விடிவு தந்தது காலால் மிதிக்கும் ஒரு சாதாரணப் பொத்தான். கண் இடத்தைக் காட்டுகிறது, கால் முடிவைச் சொல்கிறது. அதன் பிறகு கண் தன் இயல்பான வேலைக்குத் திரும்பிவிட்டது. திரையில் எங்கு வேண்டுமானாலும் அச்சமின்றிப் பார்க்கிறேன். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, தலையில் அணியும் கணினியான ஆப்பிள் விஷன் புரோவும் இதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. பார்வை ஒரு பொருளைச் சுட்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டால்தான் அது திறக்கும். இந்தப் பிரிவினையைச் செய்யாத எந்தக் கண் கருவியையும் நாள் முழுவதும் வேலை செய்கிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

*

மேலே எழுதியுள்ள நண்பரின் கருத்தை ஏற்கிறேன். ஆயினும் என் அண்ணன் போன்றவர்களுக்குக் காலால் மிதிக்கும் வழி இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இயக்க நரம்பணு நோயால் அவருக்குக் கையும் காலும் பேச்சும் போய்விட்டன. கண் அசைவு மட்டும் எஞ்சியிருக்கிறது. பார்வை தங்கும் நேரத்தைக் கொண்டே அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்து சொற்களை அமைக்கிறார். கணினி அவற்றை உரக்கப் படிக்கிறது. ஆகவே அந்த நேரத்தை எவ்வளவு வைப்பது என்பது எங்கள் வீட்டில் தொழில்நுட்பக் கேள்வி அன்று. காலையில் அவர் தெளிவாக இருக்கும்போது குறைத்தும், களைத்த வேளையில் கூட்டியும் வைக்கிறோம்.

இத்தகைய கருவியை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். திரையின் மூலையில் ‘ஓய்வு’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்த்தால், மீண்டும் அதையே பார்க்கும் வரை கருவி எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. முதலில் நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் அந்த வசதி இல்லை. அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்கத் திரையின் மேல்விளிம்பைக் கடந்து கண்ணை உயர்த்தும்போதெல்லாம் மேல்வரிசை எழுத்துகள் தாமாகவே பதிவாகிவிடும். அதனால் அவர் எங்களைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார். ஓய்வுக் கட்டம் உள்ள மென்பொருளுக்கு மாறியபின் பேச்சின் நடுவே கட்டத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பேரப்பிள்ளையின் முகத்தை வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சிறிய கட்டம் செய்யும் நன்மை இது.

வேகம் இன்னும் பெருங்குறைதான். இயல்பான உரையாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்ற அளவில் ஓடுகிறது. கண்ணால் எழுதுகிறவர் அதில் மிகச் சிறிய பங்கையே எட்ட முடியும். அந்த இடைவெளியில், கேட்கிறவர்கள் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, பேச முயலும்போது எழும் சமிக்ஞைகளைச் சொற்களாக மாற்றும் ஆய்வுகளை நாங்கள் ஆவலோடு கவனிக்கிறோம். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு குழு நிமிடத்துக்கு 62 சொற்களையும், சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 78 சொற்களையும் எட்டியதாக நேச்சர் இதழில் வெளியிட்டன. அண்ணனுக்கு அதைப் படித்துக் காட்டியபோது அவர் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “சொல்ல விரும்பாததும் வெளியே வந்துவிடுமா?” என்று எழுதினார். ஆய்வாளர்களும் அதையே சிந்தித்திருக்கிறார்கள். மனத்துக்குள் பேசிக்கொள்வதையும் ஓரளவு படிக்க முடிகிறது என்று 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில், பயனர் குறிப்பிட்ட சொற்றொடர் ஒன்றை மனத்துக்குள் நினைத்தால் மட்டுமே கருவி வேலை செய்யத் தொடங்கும்படியான பூட்டையும் அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். எங்கள் திரையின் மூலையில் உள்ள கட்டத்துக்கு ஈடான ஒன்று அங்கேயும் தேவைப்பட்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

*

நான் கண்காட்சி அரங்குகளுக்கான ஊடாடும் திரைகளை வடிவமைக்கும் பணியில் இருப்பவள். என் அனுபவம் கையசைவைப் பற்றியது.

2010 நவம்பரில், உடலசைவை உணரும் விளையாட்டுக் கருவியான மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் வந்த பிறகு, ஆழத்தை அளக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கும் எட்டும் பொருளாயின. திரையைத் தொடாமலே கையை வீசிப் பக்கத்தைத் திருப்பலாம் என்ற எண்ணம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அரங்கில் பார்வையாளர்கள் வந்து நின்றதும் நிலைமை வேறாக இருந்தது. ஒருவர் முன்னால் விழுந்த தலைமுடியை ஒதுக்கினால் பக்கம் திரும்பும். உடன் வந்தவருக்குப் படத்தைக் கையால் சுட்டி விளக்கினால் அந்தப் படமே மறைந்துவிடும். தோளுயரத்தில் கையைத் தூக்கிப் பிடித்திருப்பதும் எளிதன்று. சிறிது நேரத்திலேயே தோள் கனக்கத் தொடங்கும். இதற்கு ‘கொரில்லா கை’ என்று தொழிலில் பழைய பெயரே உண்டு.

இதற்கு வழி வெகு காலத்துக்கு முன்பே காட்டப்பட்டுவிட்டது என்பதை நான் பிறகுதான் படித்தேன். 1980-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ரிச்சர்டு போல்ட் உருவாக்கிய அமைப்பில், நாற்காலியில் அமர்ந்தபடியே சுவரளவுத் திரையில் உள்ள வடிவம் ஒன்றைக் கையால் சுட்டி “அதை” என்றும், வேறோர் இடத்தைச் சுட்டி “அங்கே வை” என்றும் சொன்னால் கணினி அவ்வாறே செய்தது. கை சுட்டியது, குரல் ஆணையிட்டது. முதல் பதிவில் நண்பர் கண்ணுக்கும் காலுக்கும் செய்துகொண்ட பங்கீடு இதுவே. எங்கள் அரங்கத் திரைகளிலும் இப்போது கையசைவு சுட்டுவதோடு நின்றுவிடும். திறப்பதற்கென்று, திரையின் முன்னால் உள்ள மேடையில் ஒரு பெரிய பொத்தான் வைத்திருக்கிறோம். தொடாமல் இயக்கும் அழகு குறைகிறது என்று ஒப்பந்தக்காரர்கள் வருந்தினாலும், வருகிறவர்கள் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள்.

மணிக்கட்டில் அணியும் பட்டை ஒன்றையும் அண்மையில் முயன்று பார்த்தேன். விரலை அசைக்கும்போது முன்கைத் தசைகளில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை அது தோலின் மேலிருந்தே உணர்கிறது. மெட்டா நிறுவனம் 2025 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய திரையுள்ள மூக்குக் கண்ணாடியோடு வருவதும் இவ்வகைப் பட்டைதான். கேமரா வேண்டியதில்லை என்பதால், கையை மடியிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டே இயக்க முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: கட்டைவிரல் ஆட்காட்டி விரலில் படும்போது அந்தத் தொடுகையை நம் தோலே உணர்கிறது. ஆகவே கட்டளை கொடுத்துவிட்டோமா இல்லையா என்ற ஐயமே எழுவதில்லை. காற்றில் கை வீசுவதில் இந்த உறுதி ஒருபோதும் கிடைத்ததில்லை.

*

பார்வையற்றவன் என்ற முறையில் சில வரிகள் சேர்க்கிறேன். வழவழப்பான கண்ணாடித் திரை வந்தபோது எங்கள் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தோம். 2009-இல் ஐஃபோன் 3ஜிஎஸ்ஸோடு வந்த வாய்ஸ்ஓவர் அந்த எண்ணத்தை மாற்றியது. விரலைத் திரையில் நகர்த்தினால் அங்கே என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லும். இருமுறை தட்டினால்தான் திறக்கும். தேடுவதும் முடிவெடுப்பதும் தனித்தனி என்று நீங்கள் மூவரும் எழுதியிருப்பதைத்தான் எங்கள் விரல்கள் அன்றாடம் செய்துகொண்டிருக்கின்றன.

குரல் உதவியாளர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தொலைக்காட்சியில் யாரோ பேசியதைத் தன்னை அழைத்ததாக எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும் கருவியிடம் பணம் அனுப்பும் வேலையை ஒப்படைக்க மனம் வருவதில்லை. சலவை இயந்திரத்திலும் மின்னடுப்பிலும் பொத்தான்களை எடுத்துவிட்டு, படித்துச் சொல்லும் வசதி ஏதுமில்லாத தட்டையான தொடுபலகையை வைப்பது அதைவிடப் பெரிய தீங்கு. விரலை வைத்துத் தடவித் தேடும்போதே அடுப்பு பற்றிக்கொள்கிறது. தடவினால் இயங்காமல், அழுத்தினால் மட்டும் இயங்கும் தொடுபலகை உள்ள அடுப்பை உங்களில் யாரேனும் பயன்படுத்தியிருந்தால், அது எந்த வகை என்றும், ஈரக் கையோடு தொட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்றும் அருள்கூர்ந்து எழுதுங்கள்.