வெள்ளியின் முக்கால் வட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் பயன் உண்டா?

அம்மாபேட்டை ஆசிரியை:

சேலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். பள்ளிக்கு அன்பளிப்பாகக் கிடைத்த 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியை மாலை வேளைகளில் மொட்டை மாடியில் நிறுத்தி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக் கோளைக் காட்டுகிறேன். கலிலியோ கண்ட பிறையை அவர்களும் காண வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் இந்த ஜூன் மாதத்தில் தெரிவது பிறை இல்லை. ஒரு பக்கம் சற்றே தேய்ந்து, பாதிக்கும் மேல் ஒளிரும் மிகச் சிறிய வட்டம்தான் தெரிகிறது. பக்கத்திலேயே வியாழன் தன் நான்கு துணைக்கோள்களோடு நிற்பதால், பிள்ளைகள் வெள்ளியை ஒரு முறை பார்த்துவிட்டு, “மிஸ், அதைக் காட்டுங்க” என்று வியாழன் பக்கம் போய்விடுகிறார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. பிறை எப்போது தெரியும், அதுவரை இந்த முக்கால் வட்டத்தைக் காட்டுவதில் பயன் உண்டா என்பது முதலாவது. பிள்ளைகள் கையில் இருக்கும் வினா விடைக் கையேடு ஒன்றில், “வெள்ளியின் பிறைகளைக் கண்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கலிலியோ நிரூபித்தார்” என்று ஒரே வரியில் இருக்கிறது. “வெள்ளி தேய்வதற்கும் பூமி சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு முறையாக எப்படி விளக்குவது என்பது இரண்டாவது.

நாகரமலை:

வணக்கம் அம்மா. தேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை வானில் வெள்ளி சூரியனிடமிருந்து மிகவும் விலகி நிற்பது 2026 ஆகஸ்ட் 15 அன்று. அதை ஒட்டிய நாட்களில் அரைவட்டமாகத் தெரியும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் தெளிவான பிறையாகி, மிகப் பிரகாசமாகவும் இருக்கும். அக்டோபர் 24 அன்று அது பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் வந்துவிடுவதால், அதற்கு முன்பே மாலை வானை விட்டு மறைந்துவிடும். நவம்பரில் விடிவெள்ளியாகக் கிழக்கே பார்க்கலாம்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். பிறையைவிட, இன்று உங்கள் மாடியில் தெரிகிற இந்த முக்கால் வட்டத்துக்குத்தான் வரலாற்றில் எடை அதிகம் என்பது என் கருத்து. பிறையையே எல்லோரும் கொண்டாடுவதால் இந்த இடம் கவனிக்கப்படாமல் போகிறது.

பழங்கால வானியலாளர் தாலமியின் அமைப்பில் பூமி நடுவில் அசையாமல் இருக்கும். வெள்ளி ஒரு சிறுவட்டத்தில் சுற்ற, அந்தச் சிறுவட்டத்தின் மையம் பூமியைச் சுற்றி ஒரு பெருவட்டத்தில் செல்லும். வெள்ளி ஒருபோதும் சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. அதைக் காப்பாற்றுவதற்காக, சிறுவட்டத்தின் மையம் எப்போதும் பூமியையும் சூரியனையும் இணைக்கும் கோட்டிலேயே இருக்குமாறு அமைத்தார்கள். வெள்ளியின் பாதை முழுவதும் சூரியனுக்கு இந்தப் பக்கமே, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலேயே, இருப்பதாகவும் கொண்டார்கள். அப்படியானால் வெள்ளியின் ஒளிபெற்ற பக்கம் பெரும்பாலும் நம்மைவிட்டு அப்பால் திரும்பியே இருக்க வேண்டும். மெல்லிய பிறை தெரியலாம், சற்றே தடித்த பிறையும் தெரியலாம். அரைவட்டத்தைத் தாண்டி அது ஒருபோதும் வளர முடியாது. வெள்ளியைச் சூரியனுக்கு அப்பால் தள்ளி வைத்தால் நிலைமை தலைகீழாகி, எப்போதும் ஏறத்தாழ முழுவட்டமே தெரியுமே தவிர, பிறை தெரியாது.

ஆகவே பிறையை மட்டும் கண்டிருந்தால் தாலமியின் கட்சியினர் கலங்கியிருக்க வேண்டியதில்லை. முழுவட்டத்தை ஒட்டிய சிறிய உருவமும், பெரிய பிறையும், ஒரே கோளில் மாறி மாறித் தெரிந்ததுதான் அவர்களுக்கு விடையில்லாத கேள்வியாயிற்று. 1610ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் கலிலியோ கண்ட வரிசையும் அதுவே: முதலில் சிறிய, ஏறத்தாழ வட்டமான உருவம், டிசம்பரில் அரைவட்டம், அதன் பிறகு வளர்ந்துகொண்டே மெலியும் பிறை. அந்த டிசம்பர் 11 அன்று, பிறர் முந்திக்கொள்ளாதபடி, எழுத்துகளைக் குலைத்த ஒரு லத்தீன் வாக்கியமாக இச்செய்தியைப் பிராகாவில் இருந்த தஸ்கனித் தூதர் வழியாக வானியலாளர் கெப்ளருக்கு அனுப்பினார். மறு மாதம் அவரே விடுவித்துச் சொன்ன பொருள், ‘காதலின் தாய் (அதாவது வெள்ளி) நிலவின் வடிவங்களைப் பின்பற்றுகிறாள்’ என்பது.

வகுப்பில் ஒரு மேசை விளக்கையும் ஒரு வெள்ளைப் பந்தையும் வைத்தே இதைக் காட்டிவிடலாம். மாணவி ஓரிடத்தில் நிற்கட்டும். பந்தை விளக்குக்கும் அவளுக்கும் நடுவிலேயே ஒரு சிறு வட்டத்தில் சுற்றிக் காட்டுங்கள். பிறகு விளக்கையே சுற்றிக் காட்டுங்கள். இரண்டாவது முறையில், பந்து விளக்குக்கு அப்பால் போகும்போதுதான் முக்கால் வட்டம் அவள் கண்ணில் படும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

நாகரமலை ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் கையேட்டின் அந்த வரியில் உள்ள ‘நிரூபித்தார்’ என்பதை அப்படியே விட்டுவிடக் கூடாது. வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதுதான் இந்தக் காட்சியால் உறுதியானது. பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்பது வேறு கேள்வி. மாணவி கேட்டதும் அதையேதான்.

டென்மார்க்கைச் சேர்ந்த டைக்கோ பிராகி 1588இல் ஓர் அமைப்பை வெளியிட்டிருந்தார். அதில் மற்றக் கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும். அவற்றை அழைத்துக்கொண்டு சூரியன் பூமியைச் சுற்றும். பூமி, சூரியன், வெள்ளி மூன்றும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று பார்த்தால், இதிலும், பூமி உட்பட எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றும் கோப்பர்நிக்கஸின் அமைப்பிலும் அணுவளவும் வேறுபாடு இல்லை. ஆகவே வெள்ளி எப்படித் தேய்ந்தாலும் வளர்ந்தாலும் அது இரண்டுக்கும் ஒத்துப்போகும். 1611இல் ரோமாபுரியின் ஏசு சபைக் கல்லூரி வானியலாளர்கள் வெள்ளியின் தேய்வும் வளர்வும் உண்மையே என்று உறுதி செய்தார்கள். அதன் பிறகு அச்சபையினர் பலர் சாய்ந்தது கோப்பர்நிக்கஸ் பக்கம் அன்று, டைக்கோவின் பக்கமே. இதைப் பிடிவாதம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பூமி நகர்ந்தால் விண்மீன்கள் ஆண்டு முழுவதும் சற்றே இடம் மாறித் தெரிய வேண்டுமே என்று அவர்கள் கேட்டார்கள்; அந்த இடமாற்றத்தை அன்று யாராலும் அளந்து காட்ட முடியவில்லை. (டைக்கோவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கேரளத்து நீலகண்ட சோமயாஜி, ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுவதாக ஒரு கணித அமைப்பை வகுத்திருந்தார். நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.)

பூமியின் ஓட்டத்துக்கு நேரடிச் சான்று 1729இல்தான் வெளிவந்தது. விண்மீன் ஒளி வந்து சேரும் திசை, பூமியின் வேகத்தால் ஆண்டு முழுவதும் சிறிதளவு மாறுவதைப் பிராட்லி கண்டுபிடித்திருந்தார். விண்மீனின் இடமாற்றத்தையே பெசல் அளந்தது 1838இல். மாணவியிடம், “வெள்ளி தேய்வதைக் கண்டதும் தாலமியின் அமைப்பு விழுந்தது, மிஞ்சிய இரண்டில் எது சரி என்று முடிவாக இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று” என்று சொன்னால், எட்டாம் வகுப்புக்கும் அது புரியும்.

அம்மாபேட்டை ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி. விளக்கும் பந்தும் வைத்துச் செய்து காட்டியபோது அதே மாணவி அடுத்த கேள்வியையும் எழுப்பினாள். வெள்ளி சூரியனுக்கு அப்பால் போகிறது, பிறகு நம் அருகில் வருகிறது என்றால், வெறும் கண்ணுக்கு அதன் பிரகாசம் மிகவும் கூடிக் குறைய வேண்டாமா? அவள் பார்த்தவரை அது எப்போதும் ஒரே மாதிரி பளிச்சென்றுதான் இருக்கிறதாம்.

நாகரமலை:

அந்தப் பெண்ணை வாழ்த்துங்கள். 1543இல் கோப்பர்நிக்கஸின் நூல் அச்சானபோது, அதற்குப் பெயரிடாமல் ஒரு முன்னுரை சேர்த்த ஓசியாண்டர் என்னும் பாதிரியாரும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கை வைத்தார். கணக்கின்படி வெள்ளியின் விட்டம் அருகில் வரும்போது நான்கு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிய வேண்டும், அனுபவத்தில் அப்படி இல்லையே என்று அவர் எழுதினார்.

உண்மையில் வேறுபாடு இன்னும் பெரிது. மிகத் தொலைவில் வெள்ளி நம்மிடமிருந்து ஏறத்தாழ 26 கோடி கிலோமீட்டர், மிக அருகில் ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டர். அதன் விட்டம் 10 வில்விநாடியிலிருந்து (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) 60 வில்விநாடிக்கு மேல் வரை வளர்கிறது. விட்டம் ஆறு மடங்கு என்றால் பரப்பு முப்பத்தாறு மடங்கு. பிரகாசமும் அவ்வாறே கூட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அருகில் வர வர, ஒளிபெற்ற பக்கம் நம்மைவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. தொலைவில் சிறிய முழுவட்டம், அருகில் பெரிய மெல்லிய பிறை என்று ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால், நாம் வெள்ளியைப் பார்க்கக் கூடிய காலம் முழுவதும் அதன் பிரகாசம் இரண்டு மூன்று மடங்குக்குள்ளேயே நிற்கிறது. மனிதக் கண்ணால் ஏறத்தாழ 60 வில்விநாடிக்குக் கீழ் வடிவத்தைப் பிரித்தறிய முடியாது. ஆகவே வளர்வதும் தெரியவில்லை, தேய்வதும் தெரியவில்லை. அந்த ஆட்சேபத்துக்குத் தொலைநோக்கி அல்லாமல் வேறு எதனாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சுக்கிர மௌட்யம், அதாவது வெள்ளி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத காலம், சில சமயம் பல வாரங்கள் நீடிக்கும், சில சமயம் சில நாட்களில் முடிந்துவிடும். வெள்ளி சூரியனுக்கு அப்பால் மறைவது முதல்வகை, இப்பால் கடந்து போவது இரண்டாம்வகை.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்:

பார்க்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள் சேர்க்கிறேன். இருட்டிய பிறகு வெள்ளியைப் பார்க்காதீர்கள். கண் கூசும் அளவுக்கு ஒளி சிதறி, விளிம்பு தெரியாமல் போய்விடும். சூரியன் முழுமையாக மறைந்த உடனே, வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது பாருங்கள். வெள்ளியும் உயரத்தில் இருக்கும். சூரியன் மறையும் முன் பிள்ளைகள் கையில் தொலைநோக்கியைக் கொடுக்கவே கூடாது. சேலத்து மொட்டை மாடியில் இன்னொரு தொல்லை உண்டு. பகல் முழுவதும் வாங்கிய வெயிலைத் தளம் மாலையில் விடுவதால், வட்டம் நீருக்கடியில் கிடக்கும் காசுபோல நெளியும். பள்ளி மைதானத்தில் மண்தரையோ புல்தரையோ இருந்தால் அங்கே வைத்துப் பாருங்கள்.

உங்கள் கருவியின் குவியத் தூரம் 700 மில்லிமீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண்ணருகே வைக்கும் வில்லை) போட்டால் 70 மடங்கு கிடைக்கும். இப்போதைய ஏறத்தாழ 14 வில்விநாடி உருவம், வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலவில் பாதி அகலத்துக்குத் தெரிய வேண்டும். கலிலியோவிடம் இருந்தது ஏறத்தாழ 20 மடங்குதான்.

செப்டம்பர் பிறைக்கு இடம் தேர்வதில் சற்று யோசனை தேவை. அப்போது வெள்ளி தென்மேற்கு நோக்கிச் சாய்ந்து மறையும். அம்மாபேட்டையிலிருந்து அது கஞ்சமலை இருக்கும் பக்கம். மலை மறைப்பதால் கடைசிச் சில பாகைகள் கிடைக்காது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் தென்மேற்குத் திறந்திருக்கிறது, கஞ்சமலை நம் காலுக்குக் கீழே போய்விடும். ஆனால் அந்த மாதங்களில் மாலை மூடுபனி எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை அழைத்து வருவதாக இருந்தால் ஒரே நாளை நம்பாமல், மாற்று நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிலிருந்தே ஒரே ஐபீஸில் பார்த்து, வாரம் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். எல்லாப் படத்தையும் ஒரே அளவு வட்டத்துக்குள் அடைக்க விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அளவிலேயே வரைய வேண்டும், உருவம் பெரிதாவதும் சான்றில் பாதி. அரைவட்டத்தைக் கணக்கு சொல்லும் நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே பிள்ளைகள் வரைந்து வைத்தால், தவறு என்று குறிக்காதீர்கள். மாலை வெள்ளியில் அப்படித்தான் தெரியும். ஷ்ரோட்டர் என்ற ஜெர்மானியர் 1793இலேயே இதைக் குறித்திருக்கிறார்.