போர் நேரத்துல செய்தித்தளத்தை முடக்குறது பாதுகாப்பா, வாய்ப்பூட்டா?

பாலாற்றங்கரை:
2025 மே 7-ல பாகிஸ்தானுக்கு எதிரா ஆபரேஷன் சிந்தூர் தொடங்கிச்சு. மறுநாளே, 8,000-க்கு மேல கணக்குகளை இந்தியாவுல நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு வந்திருக்குன்னு எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனம் அறிவிச்சது. பெரும்பாலானதுல எந்தப் பதிவு சட்டத்தை மீறிச்சுன்னு கூட அரசு குறிப்பிடலையாம். மே 9-ல தி வயர்ங்கிற செய்தித்தளமே திறக்கலை. செய்தியை அமுக்குற வேலைதான் இது. வேலூர்ல பட்டாளத்து வீடுகள் ஏராளம், அவங்களும் பேசணும்.

கம்மவான்பேட்டை சுபேதார்:
தம்பி, 2008 மும்பை தாக்குதலை மறந்துட்டுப் பேசாதே. என்.எஸ்.ஜி. கமாண்டோ வீரர்கள் ஹெலிகாப்டர்ல இருந்து கயிறு பிடிச்சு பயங்கரவாதிகள் பிடிச்சு வச்சிருந்த நரிமன் ஹவுஸ் மாடியில இறங்குறதை டிவி நேரலையா காட்டிச்சு. அதுல உயிரோட பிடிபட்ட கசாப் வழக்கோட 2012 தீர்ப்புல உச்ச நீதிமன்றமே அந்த ஒளிபரப்பைக் கண்டிச்சுது. 2025 ஏப்ரல் 26-ல நேரலை வேணாம்னு அரசு சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம காட்பாடி ஜங்ஷன்ல ராணுவத் தளவாடம் ஏத்தின மிலிட்டரி ஸ்பெஷல் ரயில் நிக்கும்போது ஒருத்தன் ரீல்ஸ் போடுறான்னு வச்சுக்கோ. எத்தனை வேகன், தார்ப்பாய்க்குக் கீழ என்ன உருவம், இன்ஜின் எந்தப் பக்கம், எல்லாம் எதிரிக்குப் போயிடும்.

பாலாற்றங்கரை:
நேரலை கூடாதுன்னு நானும் ஒத்துக்கிறேன் ஐயா. ஆனா தி வயர்ல வந்தது நேரலை இல்லை. நம்ம ரஃபேல் போர் விமானம் ஒண்ணு விழுந்துச்சுன்னு பிரெஞ்சு உளவு அதிகாரி சொன்னதா சி.என்.என். போட்ட செய்தியை ஒட்டின கட்டுரை. அதை எடுத்த பிறகுதான் தளம் திறந்துச்சு. மே 31-ல முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானே, எண்ணிக்கை சொல்லாம, விமான இழப்பை சிங்கப்பூர்ல ஒத்துக்கிட்டார். நடுவுல 22 நாள். அதே மே 8 ராத்திரி, பாகிஸ்தானோட கராச்சி துறைமுகத்தை அழிச்சாச்சுன்னு பொய் ஓட்டின பெரிய சேனல்களை யாரும் முடக்கலை. பையனை எல்லையில வச்சிருக்கிற தாய்க்கு அவன் எந்த போஸ்ட்ல நிக்கிறான்னு தெரிய வேணாம், நடந்தது என்னன்னு உண்மை தெரியணும்.

கம்மவான்பேட்டை சுபேதார்:
அதே சிங்கப்பூர் பேட்டியில சவுகான் இன்னொண்ணும் சொன்னார். தந்திரத்துல நேர்ந்த தவறைப் புரிஞ்சு, சரிபண்ணி, ரெண்டு நாள்ல திரும்பப் பறந்தோம்னு. அந்த ரெண்டு நாள் எதிரிக்கு இழப்பு உறுதியாகக் கூடாது. எப்போ சொல்றதுன்னு தளபதிதான் முடிவு பண்ணணும், பத்திரிகை ஆசிரியர் இல்லை. பொய் ஓட்டின சேனலை விட்டது தப்பு, அதை நான் மறுக்கலை.

சத்துவாச்சாரி நெட்வொர்க்:
ஒரு தளம் திறக்கலைன்னதும் "முடக்கிட்டாங்க"ன்னு எழுதிடாதீங்க, சர்வரே படுத்திருக்கலாம். முதல்ல வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தரைத் திறக்கச் சொல்லுங்க. அங்கே திறந்தா, இங்கே ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூணுலயும் தனித்தனியா பாருங்க. மொபைல் டேட்டாவுல பார்க்கும்போது வைஃபையை அணைக்கணும், இல்லேன்னா எது எந்த லைன்னு தெரியாது. அடுத்து என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையைப் போடுங்க. தளத்தோட பேருக்கு உரிய எண் முகவரியை (ஐபி) டிஎன்எஸ்ங்கிற பெயர்ப்பட்டியல் சர்வர்கிட்ட கேட்டுச் சொல்ற கட்டளை அது. நெட் கம்பெனியோட டிஎன்எஸ்லயும் 1.1.1.1-ங்கிற பொது டிஎன்எஸ்லயும் கேட்டு ஒப்பிடுங்க. ஐபி மாறினது மட்டும் சாட்சி ஆகாது, ஒரே தளத்தைப் பல ஊர் சர்வர்ல வச்சுக் கொடுக்கிற சிடிஎன் இருந்தா தானா மாறும். 127.0.0.1 (உங்க கருவியோட சொந்த முகவரி) வந்தாலோ கம்பெனியோட சொந்த ஐபி வந்தாலோதான் டிஎன்எஸ்ல கைவச்சிருக்காங்க. ஐபி சரியா இருந்து இணைப்பு தொடங்குறப்பவே அறுந்தா, தளத்தோட பேரைப் பார்த்து வெட்டுறாங்கன்னு சந்தேகிக்கலாம். அப்போ டிஎன்எஸ்ஸை மாத்தியும் பிரயோஜனம் இல்லை. இணையத் தடையைச் சோதிக்கிற ஊனி ப்ரோப் (OONI Probe) செயலி இந்தச் சோதனைகளைத் தானே செஞ்சு நேரத்தோட பதிவு பண்ணும். முடிவு பொதுவுல வெளியாகும்னு தெரிஞ்சுதான் ஓட்டணும்.

ஆற்காடு குமாஸ்தா:
இந்த வாக்குவாதத்தோட வேர், இணையத்துல இருக்கிறதை முடக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கிற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 69ஏ பிரிவுல இருக்கு. அதுக்கான 2009 விதிகள்ல 8-வது விதிப்படி நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்லக் குறைஞ்சது 48 மணி நேரம் தரணும். அவசரம்னா 9-வது விதிப்படி கேட்காமலே முடக்கலாம், ஆனா 48 மணி நேரத்துக்குள்ள, முடக்கத்தைப் பரிசீலிக்கிற அதிகாரிகள் கமிட்டி முன்னாடி வைக்கணும். 16-வது விதி ரகசியம் காக்கச் சொல்லுது, இடிக்கிறதே அங்கதான். உச்ச நீதிமன்றத்தோட 2015 ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு 69ஏ-வை நிலைநிறுத்தினப்போ, காரணம் எழுத்துல இருக்கும், கோர்ட்டுல ரிட் மனு போட்டு எதிர்க்கலாம்னு சொல்லிச்சு. உத்தரவு நகலே கையில இல்லாதவன் எதை எதிர்ப்பான்?

தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். செய்தித்தளம்னா தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், சமூக வலைத்தளக் கணக்குன்னா மின்னணு தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். மாத்திப் போட்டா 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள்ள அவங்களே அனுப்பணும். "ஏன் முடக்கினீங்க"ன்னு கேட்டா தகவலை மறுக்க இடம் கொடுக்கிற 8(1) பிரிவைக் காட்டி மறுத்துடுவாங்க. 9-வது விதிப்படி 2025 மே மாசம் எத்தனை உத்தரவு, கமிட்டி எந்தெந்தத் தேதியில கூடிச்சு, எத்தனை உத்தரவு ரத்தாச்சுன்னு எண்ணிக்கையும் தேதியும் மட்டும் கேளுங்க. மறைக்க வேண்டியதை மறைச்சு மீதியைக் கொடுன்னு 10-வது பிரிவை மனுவுலயே எழுதுங்க. மறுத்தா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

கம்மவான்பேட்டை சுபேதார்:
எண்ணிக்கையும் தேதியும் கேட்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. சண்டை நடக்கிற அன்னைக்கே கேட்காதீங்க, அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை:
சண்டை மே 10-லயே நின்னாச்சு ஐயா. மனுவை நான் எழுதுறேன், குமாஸ்தா சார் ஒருதடவை படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க.