புதுப்பிப்பு: மாங்கூழ் ஆலைக்கு மாடுலர் டேட்டா சென்டர் வைத்தாயிற்று

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்கூழ் ஆலைக்குத் தனி சர்வர் அறை கட்டலாமா, மாடுலர் டேட்டா சென்டர் (சர்வருக்கு வேண்டியதெல்லாம் சேர்த்து ரெடிமேடாக வரும் யூனிட்) வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"அறை கட்டாதீங்க, ஏசி, யுபிஎஸ், தீயணைப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒற்றை ரேக் (சர்வர்களை அடுக்கும் சட்டம்) கேபினெட் போதும்" என்று ஒரு அண்ணன் சொன்னதைத்தான் செய்தோம். கேபினெட் இறங்கிய மூன்றாம் நாளே சர்வர்கள் ஓடின. பெரிய லாபம், தூசி இல்லை. முன்பு ஃபேன்களில் மாவு போல அப்பிக் கிடக்கும்; இப்போது மூடிய கதவுக்குள்ளேயே காற்று சுற்றுகிறது. சர்வருக்குப் போகும் காற்று 24 டிகிரி. ஏசி, குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் (ASHRAE) பரிந்துரை 18 முதல் 27 வரை.

எதிர்பாராதது ஒன்று. கரண்ட் போனால் எங்கள் யுபிஎஸ் சர்வரை ஓட்டும், ஏசியை ஓட்டாது. உள்ளே காற்று கொஞ்சம்தான் என்பதால் சில நிமிடங்களிலேயே 35 டிகிரியைத் தாண்டிவிட்டது, பதறிப்போனோம். சூடேறினால் கதவு தானாகத் திறக்கும் வசதி இருக்கிறது, ஆனால் நிறுவியவர்கள் அதை ஆன் செய்யவில்லை. வாங்குபவர்கள் மெயினை அணைத்து இதை முதலில் சோதித்துப் பாருங்கள். அப்புறம் ஜெனரேட்டருக்கும் ஆட்டோ ஸ்டார்ட் போட்டோம், சரியாகிவிட்டது.

அடுத்த சீசனுக்குத் தேவைப்பட்டால் பக்கத்திலேயே இன்னொரு ரேக் சேர்க்க இடம் விட்டு வைத்திருக்கிறோம்.