காருக்குள் பல்லி

கவிதா: காருக்குள் ஒரு பல்லி இருக்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து வந்து டேஷ்போர்டு இடுக்கில் நுழைந்துவிட்டது. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். நாளைக் காலை ஏழு மணிக்கு அப்பத்தாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். என்ன செய்வது?

செந்தில்: அதையும் அழைத்துச் செல்லுங்கள், அக்கா. பின்னிருக்கையில் இடம் இருக்கிறது.

அத்தை: அப்படியென்றால் நான் துணைக்கு வரவில்லை.

பெரியப்பா: கவிதா, பதறாதே. வீட்டுப் பல்லிக்கு நஞ்சு கிடையாது; வண்டி ஓடும்போது அது மடியில் விழுந்து, நீ திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவதுதான் ஆபத்து. ஆகவே அது வெளியேறியது உறுதியாகும்வரை வண்டியை எடுக்காதே. ஏசியையும் போடாதே, விசிறிப் பக்கம் பதுங்கியிருந்தால் அடிபட்டுச் சாகும், அந்த நாற்றத்தைப் போக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். இருட்டியதும் நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்து, உள்விளக்கை அணைத்துவிடு, இல்லையென்றால் காலையில் பேட்டரியும் இறங்கியிருக்கும். பல்லி இரவில் இரை தேடும் உயிர் என்பதால், வாசல் விளக்கை எரியவிட்டால் அதைச் சுற்றும் பூச்சிகளுக்காகத் தானாகவே வெளியே வர வாய்ப்பு உண்டு. கண்ணில் பட்டால் கையால் அமுக்காமல், வாய் அகன்ற டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை மெல்லச் செருகி, அப்படியே கொண்டுபோய்ச் செடிகளுக்கு நடுவே விட்டுவிடு.

மாமா: இவ்வளவு எதற்கு, மச்சான்? கொசுமருந்தை அடித்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

பெரியப்பா: முடியாது, மாப்பிள்ளை. மருந்து இருக்கை உறைகளில் படிந்து, காலையில் அம்மாவின் மூச்சில்தான் ஏறும். பல்லியோ கை எட்டாத இடுக்கில் செத்துக் கிடக்கும். அந்துருண்டைக்கும் இதே பதில்தான். அடுத்து ஒட்டுப்பொறி என்பீர்கள். அதில் ஒட்டிய பல்லியைச் சமையல் எண்ணெய் தடவித்தான் விடுவிக்க வேண்டும், அந்த வேலையை நீங்கள் செய்வீர்களா?

செந்தில்: வாலைப் பிடித்து இழுத்தால் என்ன?

பெரியப்பா: வால் மட்டும் உன் கையில் துடிக்கும், பல்லி ஓடிவிடும். புது வால் முளைக்கும், ஆனால் அதற்குள் முதுகெலும்பு இருக்காது, குருத்தெலும்புதான் இருக்கும்.

அப்பா: வால் கிடக்கட்டும். போன வாரம் வண்டியை வாங்கிச் சென்று கண்ணாடியைத் திறந்தபடி விட்டது யார்?

செந்தில்: ஒரு விரல் அளவுதான் திறந்திருந்தது.

பெரியப்பா: பல்லிக்கு அது தாராளம். இருக்கைக்கு அடியில் நீ சிந்தியதற்கு எறும்பும் கரப்பானும் வந்திருக்கும், அவற்றைத் தேடி இது வந்திருக்கும்.

அத்தை: அண்ணே, வண்டி உங்களிடம் இருந்தபோதும் ஒரு பல்லி இருந்ததே. தம்பிக்கு விற்றபோது அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்களா?

அப்பா: விலையிலும் சேர்த்திருப்பார்.

பெரியப்பா: அந்த விலைப் பேச்சு இந்தக் குழுவில் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

கவிதா: கதவின் ரப்பர் பட்டையருகே தலையை நீட்டியது. நான் டப்பாவை எடுப்பதற்குள் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஓடிவிட்டது. குச்சியை விட்டுக் கிளறட்டுமா?

பெரியப்பா: கிளறாதே! இருக்கைக்கு அடியில் ஏர்பேக் அமைப்புக்கான மின்கம்பிகள் செல்லக்கூடும். இருக்கையையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் நகர்த்தாதே, தண்டவாளத்தில் நசுங்கிவிடும். இன்று வரவில்லை என்றால் விடியற்காலையில் பார். குளிரில் அதன் வேகம் குறைந்திருக்கும், பிடிப்பது எளிது.

கவிதா: டிக்கி மூலையில் இரண்டு சிறிய வெள்ளை முட்டைகள் இருக்கின்றன.

அத்தை: நான் வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா: ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டுதான் இடும், மேலும் தேடாதே. காகிதத்தால் எடுத்து வெளியே நிழலில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

அப்பா: ஐந்து மணிக்கு நான் எழுந்து பார்க்கிறேன். அத்தான், அதற்குள் போகவில்லை என்றால் உங்கள் வண்டி கிடைக்குமா?

மாமா: கிடைக்கும். ஆனால் சாவி செந்திலிடம் இருக்கிறது.

செந்தில்: காலையில் தருகிறேன். அந்த வண்டியின் கண்ணாடிகளை ஏற்றினேனா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.

அத்தை: இப்போதே போய்ப் பார்.