புதுப்பிப்பு: விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸ் மிண்ட்டுக்கு மாறலாமா?

போன மாசம் கேட்டிருந்தேனே: என் கம்ப்யூட்டர் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது. 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிஞ்சாச்சு. புது மெஷினா, இல்லை விண்டோஸுக்குப் பதிலா இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட்டா?

மாறிட்டேன், முக்கால்வாசி. உங்களில் ஒருவர் சொன்னபடி முதலில் பென்டிரைவிலிருந்தே மிண்ட்டை ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சவுண்ட் எல்லாம் உடனே வந்தது. பிறகுதான் தனி எஸ்எஸ்டி வாங்கி நிறுவினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை.

தமிழ்த் தட்டச்சுக்குத்தான் ரொம்ப பயந்தேன். ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களைப் போட்டதும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வந்துவிட்டது, விரல் தடுமாறவே இல்லை. இடித்தது வேறு இடத்தில். அப்பாவின் பழைய கடிதங்கள் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய எழுத்துரு) அடித்தவை. அவற்றை லிப்ரே ஆபீஸில் (வேர்டு மாதிரி இலவச மென்பொருள்) திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை! பாமினி எழுத்துருவை நகலெடுத்துப் போட்டதும் 'அன்புள்ள தம்பிக்கு' என்று முதல் வரி தெரிந்தது. அன்றைக்கு வேலை ஓடவில்லை, உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன்.

மீதிக் கால்வாசி, மனைவியின் டாலி என்ற கணக்கு மென்பொருள். அதற்கு விண்டோஸ் வேண்டும். மாசத்துக்கு ரெண்டு நாள் பழைய டிஸ்க்கில் பூட் செய்கிறோம், நெட் இல்லாமல். ஜிஎஸ்டி ஃபைலை பென்டிரைவில் எடுத்து மிண்ட்டிலிருந்து ஏற்றுகிறார்.

ஸ்கேனர் மட்டும் இன்னும் மக்கர். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்க.